கத்தோலிக்க ஆண்களுக்கான 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்': யார் சேரலாம், சேருபவர் எதை ஏற்கிறார்?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி பதவிக்கு பிரையன் பியூஷர் என்ற வழக்கறிஞரின் பெயரை அப்போதைய அதிபர் டொனால்ட் டிரம்ப் 2018-ஆம் ஆண்டு முன்மொழிந்தார். அந்த நியமனத்தைப் பரிசீலித்த செனட் நீதித்துறைக் குழுவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் இருவர் அவருக்கு எழுத்துபூர்வமாகக் கேள்விகளை அனுப்பினர். அவற்றுள் சில அவரது சட்டப் புலமை குறித்தவை அல்ல. அவர் இளம் வயதிலேயே சேர்ந்திருந்த ஒரு சங்கம் குறித்தவை.

கேள்வி எழுப்பியவர்களில் ஒருவர் மேஸி ஹிரோனோ. மற்றவர் தமிழகப் பூர்வீகம் கொண்டவரும் பின்னாளில் துணை அதிபரானவருமான கமலா ஹாரிஸ். ஆண்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் அச்சங்கம் கருக்கலைப்பு உரிமையை எதிர்ப்பது சேரும்போதே தெரியுமா என்று ஹாரிஸ் வினவினார். நீதிபதியானால் சார்புநிலை குறித்த ஐயம் எழாதிருக்க உறுப்பினர் பதவியைத் துறப்பீர்களா என்பது ஹிரோனோவின் கேள்வி.

இவ்வாறு விவாதப் பொருளான சங்கத்தின் பெயர் 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்'. 'கொலம்பஸின் வீரர்கள்' என்று பொருள் கொள்ளலாம். கத்தோலிக்க ஆண்களுக்கான சகோதரத்துவ சேவை அமைப்புகளில் உலகிலேயே பெரியது இதுதான். இன்று இதற்கு 20 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் உள்ளனர். இந்தியாவில் பரவாத அமைப்பு என்பதால் இங்குள்ள கத்தோலிக்கர்களுக்கேகூட இதன் பெயர் அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறும் இந்தியக் கத்தோலிக்கர்கள் பங்கு ஆலயத்தில் சேர்ந்த சில வாரங்களிலேயே, 'எங்கள் கிளையில் சேருகிறீர்களா?' என்ற அழைப்பைக் கேட்க நேர்வது இயல்பு. அந்த அழைப்பின் பொருள் என்ன என்பதை அறிய, அமைப்பு தோன்றிய காலத்துக்குச் செல்ல வேண்டும்.

விதவைகளுக்கான ஏற்பாடு

கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் உள்ள புனித மரியா ஆலயத்தில் 1870-களின் இறுதியில் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றியவர் அருட்தந்தை மைக்கேல் மெக்கிவ்னி. அயர்லாந்திலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பத்தில் 1852-இல் பிறந்தவர். வீட்டின் மூத்த பிள்ளை. குருமடத்தில் பயின்றுகொண்டிருந்தபோது 1873-இல் தந்தை இறந்தார். குடும்பத் தலைவன் மறைந்தால் எஞ்சியிருப்போர் எந்த நிலைக்குத் தள்ளப்படுவர் என்பதை அவர் தமது வீட்டிலேயே கண்டிருந்தார்.

பங்கில் அவர் கண்டதும் அதுவே. ஆலைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் உழைத்த ஐரிஷ் குடியேறிகள் இளம் வயதிலேயே நோயாலும் விபத்தாலும் மடிந்தனர். சமூகப் பாதுகாப்புத் திட்டம் எதுவும் அரசிடம் இல்லை. பிள்ளைகளை வளர்க்கப் போதிய வருவாய் இருப்பதாக நீதிமன்றத்தில் காட்ட இயலாத குடும்பங்களில் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பிறர் பொறுப்பில் ஒப்படைக்கும் நிலையும் இருந்தது. அத்தகைய ஒரு குடும்பத்தில் பதின்வயது மகன் ஒருவனுக்கு மெக்கிவ்னியே நீதிமன்றத்தில் பாதுகாவலராகப் பொறுப்பேற்றார்.

அக்காலத்து அமெரிக்காவில் உழைக்கும் ஆண்கள் ஒருவருக்கொருவர் காப்பீடாக அமைந்த சகோதரச் சங்கங்கள் ஏராளம். ஆனால் அவற்றில் பல இரகசியச் சடங்குகள் கொண்டவை. ஃப்ரீமேசன் அமைப்பில் கத்தோலிக்கர்கள் சேருவதற்கு 1738-இலேயே திருத்தந்தை 12-ஆம் கிளமெண்ட் தடை விதித்திருந்தார். அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளிக்கையில் 2023 நவம்பரில் வத்திக்கான் இதை மீண்டும் உறுதிப்படுத்தியது. ஆக, கத்தோலிக்கத் தொழிலாளியின் முன் இரண்டே வழிகள் இருந்தன: ஒன்று, திருச்சபையின் தடையை மீறிப் பாதுகாப்பைப் பெறுவது, மற்றொன்று, பாதுகாப்பின்றி இருப்பது.

மெக்கிவ்னி மூன்றாவது வழியைத் தேடினார். 1881 அக்டோபர் 2 அன்று புனித மரியா ஆலயத்தின் கீழ்த்தளத்தில் சிலரைக் கூட்டிப் பேசினார். 1882 மார்ச் 29 அன்று கனெக்டிகட் சட்டமன்றம் புதிய சங்கத்துக்கு அங்கீகாரம் வழங்கியது. அமெரிக்காவுக்கு வழிகாட்டியவரே ஒரு கத்தோலிக்கர்தான் என்பதை, தங்களை அந்நியராகக் கருதிய நாட்டுக்கு நினைவூட்டும் நோக்கில் கொலம்பஸின் பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 'நைட்ஸ்' என்ற சொல்லைப் பரிந்துரைத்தவர் உள்நாட்டுப் போரில் பங்கேற்றவரும் சங்கத்தின் முதல் தலைவருமான ஜேம்ஸ் முல்லன். கொலம்பஸின் பெயர் இன்று அமெரிக்காவிலேயே சர்ச்சைக்குரியதாகிவிட்டது. பூர்வகுடி மக்கள் மீதான வன்முறையுடன் தொடர்புபடுத்தி 2020-இல் பல நகரங்களில் அவரது சிலைகள் அகற்றப்பட்டன. அமைப்போ தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

தொடக்ககால ஏற்பாடு மிக எளிமையானது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் தலைக்கு ஒரு டாலர் செலுத்துவர். இறந்தவரின் மனைவிக்கு 1,000 டாலர் வழங்கப்படும். உறுப்பினர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியபோது ஒவ்வொருவரும் செலுத்த வேண்டிய தொகை அதற்கேற்பக் குறைந்தது. நோயுற்று வேலைக்குச் செல்ல இயலாதவர் வாரத்துக்கு 5 டாலர் வரை 13 வாரங்களுக்குப் பெறலாம். நம் நாட்டில் ஊழியர் சங்கங்கள் நடத்தும் குடும்ப நல நிதியை அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. இதில் ஒரு குறையும் இருந்தது. 20 வயது இளைஞரும் 45 வயதுக்காரரும் ஒரே தொகையைச் செலுத்தியதால், வாழ்நாள் முழுவதையும் கணக்கிட்டால் இளம் வயதில் சேர்ந்தவரே கூடுதலாகச் செலுத்த நேர்ந்தது.

மெக்கிவ்னி 1890 ஆகஸ்ட் 14 அன்று நிமோனியா காய்ச்சலால் தமது 38-ஆம் வயதில் காலமானார். 2020 அக்டோபர் 31 அன்று ஹார்ட்ஃபோர்டு நகரப் பேராலயத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. புனிதர் நிலைக்கு முந்தைய படி இது.

சேருவதற்கான தகுதி

விதி சுருக்கமானது: 18 வயது நிறைந்த ஆணாக இருக்க வேண்டும்; திருத்தந்தையின் தலைமையை ஏற்று, கத்தோலிக்க நெறியை நடைமுறையில் கடைப்பிடிப்பவராக இருக்க வேண்டும். திருமுழுக்குப் பெற்றிருந்தால் மட்டும் போதாது என்பது இதன் உட்பொருள். நெறியிலிருந்து விலகிவிட்டால் உறுப்பினர் தகுதியும் போய்விடும் என்று அமைப்பின் சட்டவிதி கூறுகிறது.

ஆனால் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உரோமையுடன் ஒன்றிப்பில் உள்ள கீழைத் திருச்சபையினரும் சேரலாம். உக்ரைனில் 2013 முதல் இயங்கும் கிளைகளில் கிரேக்கக் கத்தோலிக்கர்கள் இடம்பெற்றுள்ளனர். அதே அடிப்படையில் கேரளத்தைச் சேர்ந்த சீரோ மலபார், சீரோ மலங்கரா திருச்சபையினரும் தகுதியுடையவர்களே. சீரோ மலபார் திருச்சபைக்கு சிகாகோவில் 2001 முதல் தனி மறைமாவட்டம் உள்ளது. ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா, தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தவர்கள் சேர இயலாது.

இது துறவற சபை அன்று. திருமணமானவர்களும் தனித்திருப்பவர்களும் தத்தம் தொழிலைத் தொடர்ந்தபடியே உறுப்பினராகலாம். குருக்களும் ஆயர்களும்கூட உறுப்பினராக உள்ளனர். ஒவ்வொரு கிளைக்கும் ஆன்மிக வழிகாட்டியாக ஒரு குரு உண்டு. இரகசியச் சங்கம் என்ற திருச்சபையின் தடைக்கு இவ்வமைப்பு உள்ளாகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேர விரும்புபவர் தம் பங்கில் உள்ள உறுப்பினர் ஒருவரை அணுகுவதே வழக்கம். தற்போது இணையவழியிலும் பதிவு செய்யலாம். கிளையில் முழுமையாகச் சேர, படிநிலைச் சடங்கில் பங்கேற்க வேண்டும். பிறர்நலம், ஒற்றுமை, சகோதரத்துவம் என்ற மூன்று கொள்கைகளுக்கும் தனித்தனியே ஒரு படிநிலை என்று நீண்ட காலம் நடத்தப்பட்டு வந்தது. அந்தச் சடங்குகளை உறுப்பினர் அல்லாதோர் காண இயலாது. 2020-இல் இம்மூன்றும் ஒரே சடங்காக இணைக்கப்பட்டன. இப்போது மனைவி, மக்கள், பங்குமக்கள் முன்னிலையில் ஆலயத்திலேயே அதை நடத்தலாம். புதிய உறுப்பினருக்கு ஜெபமாலை வழங்கப்படுகிறது.

நாட்டுப்பற்றை மையமாகக் கொண்ட நான்காம் படிநிலை 1900-இல் உருவானது. விருப்பமுள்ளோர் மட்டும் அதில் சேருகின்றனர். இறகு சூடிய தொப்பி, மேலங்கி, இடையில் வாள் என்று ஊர்வலங்களில் இவர்கள் அணிவகுத்த காட்சிதான் பொதுமக்கள் மனதில் பதிந்த அடையாளம். அந்தச் சீருடையைக் கைவிட்டு எளிய கோட்டும் பெரே தொப்பியும் அணியுமாறு 2017-இல் தலைமை அறிவித்தபோது மூத்த உறுப்பினர்கள் பலர் வருந்தினர். வாள் மட்டும் தப்பியது.

உறுப்பினர் ஆனபின் செய்ய வேண்டியவை பெரும்பாலும் ஆடம்பரமற்ற பணிகள். மாதக் கூட்டத்துக்கு வருதல், ஆண்டுச் சந்தா செலுத்துதல், ஏழைக் குழந்தைகளுக்குக் குளிராடை திரட்டுதல், அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கு நிதி சேர்த்தல், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பங்கு மண்டபத்தில் மீன் உணவு சமைத்துப் பரிமாறுதல் ஆகியவை அவற்றுள் சில. அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கான சிறப்பு ஒலிம்பிக்ஸ் போட்டிகளுக்கு அவை தொடங்கிய 1968 முதலே இவ்வமைப்பு துணைநின்று வருகிறது.

கறுப்பு உருண்டைகள்

தகுதி விதியில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இருந்ததில்லை. நடைமுறையோ வேறாக இருந்தது. விண்ணப்பதாரரை ஏற்பதா, மறுப்பதா என்று கிளை உறுப்பினர்கள் இரகசியமாக வாக்களிப்பர். ஏற்போர் பெட்டியில் வெள்ளை உருண்டையையும் மறுப்போர் கறுப்பு உருண்டையையும் இடுவர். ஐந்து கறுப்பு உருண்டைகள் விழுந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. காரணம் கூறத் தேவையில்லை. பலர் உள்ள கிளையிலும் ஐந்து பேர் மனம் வைத்தால் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்பதே இதன் விளைவு. கறுப்பினக் கத்தோலிக்கர்களை ஒதுக்கிவைக்க இம்முறை பல இடங்களில் கருவியானது.

இதனால் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் 1909-இல் கறுப்பினக் கத்தோலிக்கர்கள் குருக்கள் சிலருடன் இணைந்து 'நைட்ஸ் ஆஃப் பீட்டர் கிளேவர்' என்ற தனி அமைப்பைத் தொடங்கினர். அடிமைகளுக்குத் தொண்டாற்றிய இயேசு சபைத் துறவியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவ்வமைப்பு இன்றும் இயங்குகிறது.

முரண் என்னவென்றால், முதல் உலகப் போரின்போது படைவீரர்களுக்காக இதே 'நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்' நடத்திய ஓய்வுக் கூடங்களின் வாசலில், 'அனைவருக்கும் வரவேற்பு, அனைத்தும் இலவசம்' என்று எழுதப்பட்டிருந்தது. அங்கு கறுப்பின வீரர்களும் வேறுபாடின்றி வரவேற்கப்பட்டனர். சேவை பெற அனைவருக்கும் கதவு திறந்திருந்தது. உறுப்பினராவதற்கான கதவு அவ்வாறு இல்லை.

சிகாகோவில் 1963-இல் நோத்ர டாம் பல்கலைக்கழகப் பட்டதாரியான கறுப்பின இளைஞர் ஒருவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதைக் கண்டித்து அக்கிளையின் பொறுப்பாளர்கள் சிலர் பதவி விலகினர். விவகாரம் நாளிதழ்களில் இடம்பிடித்தது. மறு ஆண்டு விதி திருத்தப்பட்டது: வாக்களிப்போரில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் எதிர்த்தால் மட்டுமே ஒருவரை மறுக்க முடியும் என்றானது. சேவையைப் பற்றிப் பேசும் பக்கங்களில் இந்த அத்தியாயம் சுருக்கமாகவே இடம்பெறுவது வழக்கம். ஆனால் சேரலாமா என்று யோசிப்பவர் அறிந்திருக்க வேண்டியது இது.

பெண்கள் உறுப்பினராக முடியாது என்ற நிலையில் இன்றுவரை மாற்றமில்லை. கிளைகளை ஒட்டி 'கொலம்பியெட்ஸ்' போன்ற மகளிர் துணை அமைப்புகள் செயல்படுகின்றன. சிறுவர்களுக்கு 1925 முதல் 'கொலம்பியன் ஸ்குவையர்ஸ்' அமைப்பு உள்ளது.

பொய் உறுதிமொழியும் அரசியலும்

உள்ளே வருவோரைச் சங்கம் வடிகட்டியதைப் போலவே, வெளியில் இருந்தோர் சங்கத்தைச் சந்தேகித்த வரலாறும் நீளமானது. புராட்டஸ்டண்டுகளை ஒழித்துக்கட்டுவோம் என்று நான்காம் படிநிலையினர் சூளுரைப்பதாகக் கூறும் போலி உறுதிமொழி ஒன்று 1912-ஆம் ஆண்டளவில் துண்டுப் பிரசுரமாகப் பரவியது. தேர்தல் தகராறு ஒன்றின் ஆவணமாக 1913-இல் அது நாடாளுமன்றக் குறிப்பேட்டிலும் அச்சேறியது. மறுக்கப்பட்ட ஒன்றாகவே அது அங்கு இடம்பெற்றிருந்தபோதும், குறிப்பேட்டில் உள்ளது என்பதையே சான்றாகக் காட்டிப் பரப்பியவர்கள் பலர். கலிபோர்னியாவில் தங்கள் சடங்கு நூலைப் பரிசோதிக்குமாறு ஃப்ரீமேசன்களையே அமைப்பினர் அழைத்தனர். அந்த உறுதிமொழி பொய்யானது என்று 1914-இல் ஃப்ரீமேசன்கள் அறிவித்தனர். இருப்பினும் 1920-களில் 'கு குளக்ஸ் கிளான்' இயக்கம் அதை மீண்டும் விநியோகித்தது. வாட்ஸ்அப் யுகத்து வாசகருக்கு இந்தப் போக்கு வியப்பளிக்காது.

அந்தப் பகைமைக்கு அமைப்பு நீதிமன்றத்திலும் விடையளித்தது. குழந்தைகள் அனைவரும் அரசுப் பள்ளிகளில்தான் பயில வேண்டும் என்று ஓரிகன் மாநிலம் 1922-இல் சட்டம் இயற்றியபோது, அதை எதிர்த்த வழக்குக்கு இவ்வமைப்பு நிதியளித்தது. 1925-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அச்சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. பெற்றோரின் கல்வி உரிமை குறித்த வழக்குகளில் இன்றும் அத்தீர்ப்பு மேற்கோள் காட்டப்படுகிறது.

ஆயினும் 2018-இல் செனட்டர்கள் எழுப்பிய கேள்வியைப் பழைய வெறுப்பின் தொடர்ச்சி என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. அமைப்பு அரசியலில் ஈடுபடாமல் இல்லை. அமெரிக்க நாட்டு உறுதிமொழியில் கடவுளைக் குறிக்கும் சொற்கள் 1954-இல் சேர்க்கப்பட்டதன் பின்னணியில் இவர்களது இயக்கம் இருந்தது. கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்துக்குத் தடை கோரிய 2008-ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்கு 10 லட்சம் டாலருக்கும் அதிகமாக அமைப்பு வழங்கியது. கருக்கலைப்பு எதிர்ப்பு இதன் முதன்மை நிலைப்பாடுகளில் ஒன்று. கர்ப்பிணிகளுக்கான மையங்களுக்கு அல்ட்ராசவுண்ட் கருவி வாங்கித் தரும் திட்டத்தை 2009 முதல் நடத்துகிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் இந்த நிலைப்பாடுகளுக்காகக் களமிறங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் அவர் செலுத்தும் சந்தாவும் அவரது பெயரும் அமைப்பின் பலத்தில் சேருகின்றன.

பியூஷர் உறுப்பினர் பதவியைத் துறக்கவில்லை. கிளை அளவிலான அறப்பணிகளே தம் பங்களிப்பு என்று அவர் பதிலளித்தார். அமெரிக்க அரசியலமைப்பின் 6-ஆவது பிரிவு, அரசுப் பதவிக்கு மதத் தகுதித் தேர்வு வைப்பதைத் தடை செய்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, இவ்வமைப்பில் உறுப்பினராக இருப்பதைத் தகுதியின்மையாகக் கருதுவது அரசியலமைப்புக்கு முரணானது என்ற தீர்மானத்தை 2019 ஜனவரியில் செனட் எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. அதே ஆண்டு ஜூலையில் பியூஷரின் நியமனம் உறுதியானது. அதிபராக இருந்த ஜான் எஃப். கென்னடியும் இவ்வமைப்பின் உறுப்பினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய காப்பீடு

தலைக்கு ஒரு டாலர் என்ற முறை மறைந்து நீண்ட காலமாகிவிட்டது. இன்று அமைப்பு ஒரு பெரும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம்; நடைமுறையில் உள்ள பாலிசிகளின் மதிப்பு 10,000 கோடி டாலருக்கும் மேல். உறுப்பினர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் மட்டுமே இவை விற்கப்படுகின்றன. சேருபவர் பாலிசி எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் சேர்ந்த பின் காப்பீட்டு முகவரிடமிருந்து அழைப்பு வரும். அது அமைப்பின் நிறுவன நோக்கத்தைச் சார்ந்ததே என்றாலும், பிற நிறுவனங்களின் பாலிசியுடன் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பதில் தவறேதும் இல்லை.

அமெரிக்கா, கனடா தவிர மெக்சிகோ, பிலிப்பைன்ஸ், போலந்து, லித்துவேனியா, தென் கொரியா, பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகளிலும் கிளைகள் உள்ளன. மற்ற சில நாடுகளில் இதையொத்த தனி அமைப்புகள் செயல்படுகின்றன: பிரிட்டனில் 'நைட்ஸ் ஆஃப் செயின்ட் கொலம்பா', ஆஸ்திரேலியாவில் 'நைட்ஸ் ஆஃப் தி சதர்ன் கிராஸ்', தென்னாப்பிரிக்காவில் 'நைட்ஸ் ஆஃப் ட காமா'. கடைசியாகக் குறிப்பிட்டது வாஸ்கோ ட காமாவின் பெயரைத் தாங்கியது. கோழிக்கோட்டில் அப்பெயருக்கு இத்தகைய மதிப்பு கிடைப்பது ஐயமே.

இந்தியப் பங்குகளில் இத்தகைய தொண்டுக்கு நன்கு அறிமுகமானது புனித வின்சென்ட் தே பவுல் சபை. 1833-இல் பாரீஸில் பிரெடரிக் ஓசானாம் உள்ளிட்ட மாணவர்களால் தொடங்கப்பட்ட அச்சபையில் பெண்களும் உறுப்பினராகலாம். அதில் படிநிலைகளோ சீருடையோ காப்பீடோ இல்லை. உறுப்பினர்கள் ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் சென்று உதவுகின்றனர். அமெரிக்கா அல்லது கனடாவுக்குக் குடிபெயர்பவருக்கு அங்குள்ள பல பங்குகளில் இவ்விரு அமைப்புகளுமே இருக்கும். ஒன்றில் சேருவது மற்றொன்றில் சேரத் தடையாகாது.